பத்து ஸ்பூன் மசியல்

"நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு வீட்டுக்கு வரேன்" என்று விழுங்கு டீச்சர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து பொத்தானக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த டீச்சரின் உத்தியோகத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. பக்கவாதம் வந்து விழுங்க மறந்துபோனவர்களுக்குத் திரும்ப விழுங்கக் கற்றுக்கொடுக்கிற வேலை. 'விழுங்குறதுக்குக்கூடவா வாத்தியார்?' என்று முதல் நாள் அக்கா சிரித்தாள். தம்பியின் தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நேர்வழியில் இறங்காது என்று தெரிந்த பிறகு சிரிப்பு போய்விட்டது. வைத்த பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தம்பிக்கு வயது ஐம்பத்தாறு. காய்கறி மொத்த மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவன். முப்பது வருஷம் மைக் இல்லாமல் கத்திய தொண்டை. அக்கா ஐந்து வயது பெரியவள். ரெடிமேட் சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுப்பதால் தெருவுக்கே அவள் பொத்தானக்கா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். தம்பிக்கோ கல்யாணமே ஆகவில்லை. ஊரில் விளைந்த கத்திரிக்காயை எல்லாம் ஏலம் விட்டவனுக்குத் தன்னை மட்டும் கடைசிவரை தள்ளிவிட முடியவில்லை என்று மார்க்கெட்டில் ஒரு கேலி உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனே அவன்தான்.

நாளைய விஷயம் இதுதான். டீச்சர் எதிரில் பத்து ஸ்பூன் மசியல் சாப்பிட வேண்டும். பத்தும் நுரையீரல் பக்கம் எட்டிப் பார்க்காமல் வயிற்றுக்குப் போய்விட்டால், ஏழு வாரமாக மூக்கில் தொங்கும் குழாயை எடுத்துவிடலாம். போகாவிட்டால் வியாழக்கிழமை வயிற்றில் ஓட்டை போட்டு, அதில் ஒரு குழாயைச் செருகிவிடுவார்கள். அது எத்தனை மாதத்துக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கேட்கிற தைரியம் அக்காவுக்கும் இல்லை.

என்ன மசியல் என்பதில் டீச்சர் தலையிடவில்லை. ஒரு அட்டையை மட்டும் கொடுத்திருந்தாள். கட்டி கூடாது, நார் கூடாது, தோல் கூடாது. ஸ்பூனில் எடுத்தால் குவிந்து நிற்க வேண்டும். ஸ்பூனைச் சரித்தால் மொத்தமாக வழுக்கித் தட்டில் விழ வேண்டும். தண்ணியாய் வழிந்தாலும் தப்பு, பிசினாய் ஒட்டினாலும் தப்பு. "மத்தபடி அவருக்கு எதுமேல ஆசையோ அதைச் செய்யுங்க. ஆசை இருந்தாத்தான் தொண்டை ஒழுங்கா வேலை செய்யும்" என்றாள்.

அக்கா கேட்டுப் பார்த்தாள். "உருளைக்கிழங்கு?"

தம்பி இடது கை முட்டியால் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டினான். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. பேசவே வராது என்றில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, நாக்கு தடித்து, வார்த்தை குழைந்து வந்தது. ஆஸ்பத்திரியில் முதல் முறை தன் குரலைத் தானே கேட்டவன் அன்றோடு வாயைப் பூட்டிவிட்டான். நாலு தெருவுக்குக் கேட்கக் கத்தியவனுக்கு அந்தக் குழறல் அவமானமாக இருந்தது.

"பூசணி? கேரட்?"

தட்டு, தட்டு. தட்டு, தட்டு.

"பின்ன என்னதான்டா வேணும், ராஜாவுக்கு?"

அவன் விரல் அடுப்படி அலமாரியின் மேல்தட்டைக் காட்டியது. அங்கே பெரியகொட்டை டப்பா இருந்தது.

பெரியகொட்டை என்பது இந்த வீட்டுப் பெயர். கடையில் ஃபாவா பீன்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். கட்டைவிரல் நகம் அளவுக்குத் தட்டையாக, பழுப்புத் தோலோடு இருக்கும் காய்ந்த அவரை. ஞாயிற்றுக்கிழமையானால் தம்பி அதை வேகவைத்து, மசித்து, எண்ணெய் ஊற்றி, ரொட்டியில் தடவித் தின்பான். அன்றைக்கு மட்டும் அடுப்படி அவனுடையது. அக்காவை உள்ளே விடமாட்டான். அக்காவும் லேசுப்பட்டவளா? "சுவத்துக்குப் பூசுற சாந்தைத் திங்கறான் பாரு" என்று வாசலில் நின்று ஊருக்கே சொல்வாள். ஒரு கிண்ணத்தில் அவளுக்கென்று மூடி வைத்திருப்பான். அதை அப்படியே மாடி வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். இருபது வருஷமாக இந்தக் கூத்து. இருபது வருஷத்தில் ஒரு வாய்கூட அவள் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்து வித்தை காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

வாதம் வந்த இரண்டாவது வாரம். தம்பியின் கட்டிலுக்கு மேல், வாய்வழி எதுவும் கூடாது என்று சிவப்பில் ஒரு போர்டு. பக்கத்துக் கட்டில்காரர் டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் தம்பியின் கண் அந்த டம்ளரோடு மேலே போய்க் கீழே வரும். மூன்று நாள் அதைப் பார்த்தாள் அக்கா. நாலாம் நாள் ஃபிளாஸ்கில் பால் கொண்டுபோனாள். மத்தியானம் நர்சுகள் டியூட்டி மாறுகிற நேரம். 'ஒரு வாய்தானே, என்ன ஆயிடப்போகுது?' என்று ஆறவைத்த பாலை ஒரு ஸ்பூன் ஊற்றினாள். இருமல் இல்லை, புரையேறவில்லை. இந்த டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று இன்னொரு ஸ்பூன். தம்பி பாதி வாயால் சிரித்தான். வாதம் வந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் முறை. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து முக்கால் டம்ளரை ஊற்றிவிட்டாள்.

மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் நிமோனியா. பன்னிரண்டு நாள் ஆக்சிஜன். பெரிய டாக்டர் கட்டிலருகே வந்து, "யாராவது வாய்வழியா ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். அக்கா குனிந்து போர்வை ஓரத்தைச் செருகினாள். தம்பி மூடிய கண்ணைத் திறக்காமலே கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டினான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது தம்பி. அந்தச் சோற்றை இன்றுவரை கலைக்காமல் பார்த்துக்கொண்டவள் அக்கா. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சைகைகூடக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து குழாயில் ஊற்றும்போது மட்டும் அவள் கை நடுங்கும். ஊசிக் காதில் இருட்டிலும் நூல் கோக்கிற கை அது.

சாயங்காலமே கொட்டையை ஊறப்போட்டிருந்தாள். மறுநாள் பதினோரு மணிக்குச் சக்கர நாற்காலி அடுப்படி வாசலுக்குத் தானாக வந்து நின்றது. முதல் முறையாகக் கொட்டை வேகிற நாளில் அக்கா அடுப்பருகில் நிற்க, பெரியகொட்டை நிபுணர் வாசலுக்கு வெளியே.

"சொல்லிட்டேன், வாய்ல எதையும் வைக்கக் கூடாது. டீச்சர் வர்ற வரைக்கும் கண்ணால பார்க்கறதோட சரி" என்றாள். ஒரு தட்டு.

ஊறின கொட்டை உப்பிப்போய் இருந்தது. தோலை உரிக்க வேண்டும். அக்கா நகத்தால் கிள்ளிப் பார்த்தாள், வழுக்கியது. உள்ளே போய், தையல் பிரிக்கிற சின்னக் கொக்கிக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு தட்டு.

"உன் வேலையைப் பாரு. முப்பது வருஷமா இதுதான் எனக்கு ஆறாவது விரல்."

இரண்டு தட்டு. கொஞ்சம் பலமாக.

அவள் காதில் வாங்காமல் தோலில் ஒரு கீறல் போட்டு, இரண்டு விரலால் அழுத்தினாள். கொட்டை பச்சை வெளுப்பாகத் துள்ளிப் போய் தம்பியின் மடியில் விழுந்தது. அவன் அதை எடுத்துப் பார்த்தான், தோல் துணுக்கு ஒட்டாமல் சுத்தமாக இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்து ஒரு தட்டு தட்டினான். அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. "வந்தியா வழிக்கு!" என்றாள்.

ஒன்றரை மணி நேரம் உரித்தாள். ஒவ்வொரு கொட்டையையும் வெளிச்சத்தில் காட்டினாள், அவன் சரிபார்த்தான். ஒரு துணுக்குத் தோல் தொண்டையில் ஒட்டினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

குக்கரை எடுத்தாள். இரண்டு தட்டு.

"டேய், குக்கர்ல போட்டா நாலு விசில். சட்டியில போட்டா எவ்வளவு நேரம் நிக்கணும்? காஸ் என்ன நம்ம தாத்தா வீட்டுச் சொத்தா?"

இரண்டு தட்டு. பிறகு கையை மூடித் திறந்து, பொங்கி வழிகிற மாதிரி காட்டினான். நுரை பொங்கி விசில் துவாரத்தை அடைக்கும் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் நின்று ஏளனம் பேசிய நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்கும். சட்டியை வைத்தாள்.

கொட்டை மூழ்குகிற அளவு தண்ணீர், நாலு பல் பூண்டு, ஒரு வெங்காயம். கொதி வந்ததும் சோப்பு நுரை மாதிரி மேலே வந்தது. தம்பி கையால் காட்டக் காட்ட, கரண்டியால் வழித்து வழித்து எடுத்தாள். தீயைக் குறைத்தாள். ஒரு மணி நேரத்தில் கொட்டைகள் விளிம்பு கரைந்து, ஒன்றோடொன்று குழைந்து, தானாகவே சரிந்து உட்கார்ந்தன. அதன் பிறகு மத்தால் கடைந்து, சல்லடையில் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கினாள். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. உப்பு, எலுமிச்சைச் சாறு, பொடித்த சீரகம். எண்ணெயை மேலே மிதக்கவிடக் கூடாது என்று அட்டையில் இருந்ததால், துளித்துளியாக ஊற்றி உள்ளேயே கலந்தாள்.

"உப்பு சரியா இருக்கான்னு பார்க்கணுமே" என்றாள். சொல்லிவிட்டுத்தான் யோசித்தாள். அவன் வாயில் வைக்கக் கூடாது. வீட்டில் இருக்கிற இன்னொரு வாய் அவளுடையதுதான்.

கையைக் கட்டிக்கொள்ள முடியாத தம்பி, இடது கையை, விளங்காமல் போன வலது கையின் மேல் எடுத்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

ஸ்பூன் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள். சூடாக, வெண்ணெய் மாதிரி இறங்கியது. பூண்டும் எண்ணெயும் பின்னாலேயே வந்தன. அவள் இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தாள். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இருபது வருஷம், வாரம் ஒரு கிண்ணம், அத்தனையையும் மாடி வீட்டு மனுஷன் நோகாமல் தின்று தீர்த்திருக்கிறான்!

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "உடனே தலைக்கனம் பிடிச்சு ஆடாதே."

அவன் சத்தம் வராமல் குலுங்கினான்.

மணி இரண்டே முக்கால். ஸ்பூனில் எடுத்தாள், குவிந்து நின்றது. சரித்தாள், ஒரே வழுக்கில் தட்டில் விழுந்தது. ஸ்பூனில் மெல்லிய பூச்சு மட்டும் மிச்சம். அட்டையில் எழுதியிருந்தது எழுதியபடி. அழகாகக் கிண்ணத்தில் வழித்து, மட்டம் தட்டி, மேசையில் வைத்தாள். தம்பி தட்டினான். அடுப்பைக் காட்டினான், கிண்ணத்தைக் காட்டினான், மறுபடி அடுப்பைக் காட்டினான்.

"போதும்டா, ஆறட்டும். சுடச்சுட வாயைப் பொசுக்கிக்கணுமா?"

மூன்று மணிக்கு வரவேண்டிய டீச்சர் மூன்றே முக்காலாகியும் வரவில்லை. எந்த நேரமும் வந்துவிடுவாளே, கடைசியாக ஒரு முறை சரிபார்க்கலாம் என்று அக்கா ஸ்பூனை விட்டாள். ஸ்பூன் செங்குத்தாக நின்றது. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது. இருபது வருஷமாக அவள் சொன்ன சாந்து அதுதான்; இறுகிப்போய் உட்கார்ந்திருந்தது. ஆறினால் இறுகுகிற சாமான் அது என்பதைத்தான் அவன் அவ்வளவு நேரம் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறான்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. "ஐயோ, நான் ஒரு முண்டம், நான் ஒரு முண்டம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தம்பி நாற்காலியை முன்னால் தள்ளி, கெட்டிலைக் காட்டினான். பிறகு மத்தைக் காட்டினான். அவன் முகத்தில் பதட்டமே இல்லை. மார்க்கெட்டில் இறுகிப் பேசுகிற வியாபாரிகளை இளக வைத்தவன், இதென்ன பிரமாதம் என்கிற மாதிரி இருந்தான்.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது அக்கா வேர்க்க விறுவிறுக்கக் கொதிநீரை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கடைந்துகொண்டிருந்தாள். தம்பி தாளம் தட்டிக்கொண்டிருந்தான். தட்டு நின்றால் தண்ணீரை நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் கடைய வேண்டும். கடைசியில் மறுபடி சல்லடை. மறுபடி ஸ்பூன். குவிந்தது, சரிந்தது, விழுந்தது.

"மன்னிச்சுக்கோங்கம்மா, லேட்டாயிடுச்சு" என்றாள் டீச்சர். அவள் முகம் சரியில்லை. மசியலைப் பார்த்தாள். தன் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துச் சரித்துப் பார்த்தாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள். அப்படியும் உட்காராமல் ஃபைலைத் திறந்தாள்.

"உக்காருங்கம்மா. ஒரு விஷயம் பேசணும். பெரிய டாக்டர்கிட்டதான் இவ்வளவு நேரம் பேசிட்டு வரேன். நடுவுல நிமோனியா வந்துச்சு இல்லையா? வாய்வழியா எதுவும் குடுக்கலைன்னு ஃபைல்ல இருக்கு. ஒண்ணுமே குடுக்காம நிமோனியா வந்திருக்குன்னா, அவரோட சொந்த எச்சிலே நுரையீரலுக்குள்ள இறங்குதுன்னு அர்த்தம். எச்சிலையே விழுங்க முடியாதவர் வாயில மசியலை வெச்சுப் பார்க்குறது ரொம்ப ஆபத்து. டெஸ்ட்டே வேணாம், வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு அனுப்பிடுங்கன்னு சொல்றார். நான்தான், நேர்ல ஒரு தடவை கேட்டுட்டு முடிவு பண்றேன்னு வந்தேன்." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி யாராவது ஏதாவது குடிக்கக் குடுத்தாங்களா?"

தம்பி டீச்சரைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவே இல்லை. இடது கையைத் தூக்கினான்.

இரண்டு தட்டு.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். அங்கே மேசைமேல் ஆவி பறந்துகொண்டு அது இருக்கிறது. இவனானால், வயிற்றில் ஓட்டை போட்டாலும் பரவாயில்லை என்று இரண்டு தட்டு தட்டுகிறான். டீச்சர் பெருமூச்சு விட்டு ஃபைலை மூடப் போனாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள் அக்கா.

தம்பி கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டினான். மறுபடி இரண்டு. அவளை அடக்குகிற மாதிரி வேகவேகமாகத் தட்டினான்.

"நீ சும்மா இருடா! தட்டினது போதும்!" அக்காவின் குரல் உடைந்துவிட்டது. "பால் குடுத்தேன்மா. முக்கா டம்ளர். போர்டைப் பார்த்துட்டுத்தான் குடுத்தேன். தெரியாம செய்யலை. என் கையாலதான் இவனைச் சாகக் கிடத்தினேன். டாக்டர் கேட்டப்போ பக்கத்துல நின்னுக்கிட்டு வாயைத் திறக்கலை. இவன் எனக்காகப் பொய் சொன்னான், இப்பவும் சொல்றான். நீங்க போலீஸ்ல வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா இவன் எச்சில் ஒழுங்காத்தான் இறங்குது. எனக்குத் தெரியும், தலையணை நனையறதில்லை."

டீச்சர் திட்டுவாள் என்று அக்கா காத்திருந்தாள். டீச்சர் பேனாவை எடுத்தாள்.

"படுத்திருந்தாரா, உக்காந்திருந்தாரா?"

"பாதி சாய்ஞ்சிருந்தான்."

"இருமினாரா?"

"ஒரு தடவைகூட இல்லை. அதை நம்பித்தான் பாவி நான் ஊத்திக்கிட்டே இருந்தேன்."

டீச்சர் எழுதிக்கொண்டே போனாள். டாக்டருக்குப் போன் போட்டு, வாசலில் நின்று ஐந்து நிமிஷம் பேசினாள். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த நிலைமையில பால் யாருக்குமே நேரா இறங்கியிருக்காது. அதனால டெஸ்ட் பண்ணலாம்னு சொல்லிட்டார்." பிறகு, குரலைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "ஆனா அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, எச்சிலுக்குப் பயந்து தள்ளிப்போடாம, மூணு வாரத்துக்கு முன்னாடியே இதைச் செஞ்சிருப்போம்மா."

மூன்று வாரம். அக்காவுக்கு அது திட்டியதைவிடப் பலமாக விழுந்தது. அவன் மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிக்குக் கீழே தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நான் குடுக்கறேன், நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள் டீச்சர். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அக்கா சுவரோரம் போய், தண்டனை வாங்கின மாதிரி நின்றாள்.

டீச்சர் அவனை நிமிர்த்தி உட்காரவைத்தாள். தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொன்னாள். ஸ்பூனில் கொஞ்சமாக எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள்.

தம்பி வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

"சார், வாயைத் திறங்க. கொஞ்சம்தான்."

திறக்கவில்லை. ஏழு வாரம் ஒரு சொட்டுக்கு ஏங்கினவன், பெரியகொட்டை வாசனை மூக்குக்கு நேரே இருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மறுக்குறார்னு எழுதினா டெஸ்ட் ஃபெயில் ஆன கணக்குதான் சார்" என்றாள் டீச்சர். அவன் இடது கையைத் தூக்கி, சுவரோரம் நிற்கிறவளைச் சுட்டிக் காட்டினான்.

"வேணாம்டா" என்றாள் அக்கா. "என் கை வேணாம். நல்ல கையால சாப்பிடு."

விரல் இறங்கவில்லை. டீச்சர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து, நாற்காலியைக் காட்டினாள்.

அக்கா உட்கார்ந்தாள். கை ஆடியது. ஸ்பூன் கிண்ணத்தின் விளிம்பில் இடித்துக் கடகடவென்றது. அவன் பொறுமையாகத் தாடையைத் தாழ்த்தி, கோணின வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தான். பால் குடித்த அன்றைக்கும் இப்படித்தான் திறந்தான். அவளால் என்ன ஆனது என்று தெரிந்த பிறகும் அதே மாதிரி திறக்கிறானே என்று அவளுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. எப்படியோ வாயில் வைத்துவிட்டாள்.

"விழுங்குங்க. இன்னொரு தடவை விழுங்குங்க. இப்ப 'ஆ' சொல்லுங்க" என்றாள் டீச்சர், அவன் தொண்டையில் விரல் வைத்தபடி.

"ஆ."

கரகரப்பு இல்லாத 'ஆ'. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் இருமிவிட்டான்.

அக்கா ஸ்பூனைப் போட்டுவிட்டு எழுந்தாள். "போதும், போதும், நிறுத்துங்க!"

"உக்காருங்கம்மா. இருமினா நல்லது" என்றாள் டீச்சர். அவள் முகம் முதல் முறையாக மலர்ந்தது. "தப்பான வழியில போறப்போ தடுக்குற காவக்காரன்தான் இருமல். அன்னிக்கு அவன் தூங்கிட்டான். இன்னிக்கு முழிச்சிருக்கான். சார், தொண்டையைச் செருமிட்டு மறுபடி 'ஆ' சொல்லுங்க."

"ஆ."

ஆனால் அக்காவுக்கு ஸ்பூனை எடுக்க மனசு வரவில்லை. கிண்ணத்தின் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஸ்பூனை எடுக்க வைத்தான், மசியலில் இறக்க வைத்தான், தன் வாய்க்குக் கொண்டுபோனான். அதன் பிறகு பத்தாவது ஸ்பூன் வரை அந்தக் கையை அவன் விடவில்லை. பிடித்திருந்ததால் நடுக்கமும் தெரியவில்லை.

டீச்சர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். "வியாழக்கிழமை ஆபரேஷன் வேண்டாம். திங்கக்கிழமை வாங்க, மூக்குக் குழாயை எடுத்துடலாம். மசியல் மட்டும்தான். தண்ணியோ பாலோ நான் சொல்ற வரைக்கும் கூடாது." கடைசி வார்த்தையை அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "வேணும்னா இப்ப இன்னும் நாலஞ்சு ஸ்பூன் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனாள்.

அடுப்படியில் இரண்டு பேர்தான். அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். ஐந்து வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"என்னை ஏன்டா காட்டிக் குடுக்கலை? உன்னைக் கொல்லப் பார்த்தவ நான். ஏன்டா சொல்லலை?"

தம்பி ஒரு தட்டும் தட்டவில்லை, இரண்டு தட்டும் தட்டவில்லை. ஆமாம் இல்லை என்று பதில் சொல்கிற கேள்வி இல்லையே அது. உதட்டை ஈரம் பண்ணிக்கொண்டான். தொண்டையைச் செருமினான். யாரும் கேட்கக் கூடாது என்று ஏழு வாரம் பூட்டி வைத்திருந்த அந்தக் குழறல் குரலில், எழுத்தெழுத்தாக மேடேறி வந்தான்.

"பால்… நல்லா… இருந்துச்சுக்கா."

அக்கா ஸ்பூனை எடுத்தாள்.

"தாடையைக் கீழ இறக்கு" என்றாள். "பேசிக்கிட்டே திங்காதே."